இடிச்சா மாவா வர்றது

ஹலோ... ஹலோ... யாரு?

...யாருன்னு கேட்டா யாருன்னு சொல்லணும். ‘நான்தான் பேசுறேன்’னா? நானும்தான் பேசுறேன்.

...எந்த ஆஸ்பத்திரி? ...ம். ...ம். சர்க்கரைப் பிரிவா? சர்க்கரைய கண்ணாலகூட பாக்கக் கூடாதுங்கிறீங்க, அதுக்கு ஒரு பிரிவு வேற.

...என்னது, பொறந்த தேதியா? போன் பண்ணது நீ. நீ சொல்லும்மா, சரியா இல்லையான்னு நான் சொல்றேன்.

...கோவம் இல்ல. பழக்கம். நாப்பது வருஷம் பூட்டு வேலை பாத்தவன். ‘இது எங்க வீடுதாங்க, சாவி தொலைஞ்சு போச்சு, திறந்து விடுங்க’ன்னு வாசல்ல நின்னு கெஞ்சுறவங்கள நெறைய பாத்திருக்கேன். சொன்ன உடனே கம்பிய எடுத்துருவேனா? உள்ள ஜன்னல்ல என்ன கலர் துணி தொங்குதுன்னு கேப்பேன். முழிச்சான்னா பைய மூடிட்டு நடையக் கட்டிருவேன். அது மாதிரிதான். ஜன்னல்ல என்ன கலர் துணி, சொல்லு.

...ஆமா. ...ஆமா, மாசம் சரி. ...வருஷம் ரெண்டு கூட இருக்கு. இருந்துட்டுப் போகட்டும், அது பள்ளிக்கூடத்துல சேக்குறதுக்கு எங்கப்பா சொன்ன பொய். அவ்ளோ பொய் சொல்லிச் சேத்து என்ன, நாலு வருஷம் போனேன், அதுல பாதி நாள் வாசல்ல முட்டி போட்டேன். சரி, நீ ஆஸ்பத்திரி ஆளுதான். விஷயத்துக்கு வா.

...என்னது? ...திரும்பச் சொல்லு, இந்தக் காது கொஞ்சம் மந்தம். இரு, அந்தக் காதுக்கு மாத்திக்கிறேன்... ம், இப்ப சொல்லு.

...போன வாரம் எவ்ளோ சந்தோஷமா இருந்தேனா?

...பத்துக்கு எத்தனைன்னு எண்ணுல சொல்லணுமா?

...ஏம்மா, இது மருந்துக் கேள்வியா, வம்புக் கேள்வியா?

...இல்ல இல்ல, நீ சிரிக்காத. நான் சிரிக்கிறதுக்குச் சொல்லல. சோத்த நிறுத்துன்னீங்க, நிறுத்திட்டேன். ரொட்டிய நிறுத்துன்னீங்க, நிறுத்திட்டேன். பிஸ்கட்டு, பன்னு, கடையில நூல் மாதிரி வேக வச்சு விக்கிறானே அது, எல்லாத்தையும் விட்டாச்சு. வாயக் கட்டிட்டு உக்காந்திருக்கிறவனப் பாத்து, எவ்ளோ சந்தோஷமா இருக்கன்னு எண்ணுல சொல்லுன்னா... பூஜ்யம்னு போட்டுக்கோ. பூஜ்யத்துக்குக் கீழ எதாவது எண்ணு இருந்தா அதப் போட்டுக்கோ.

...புத்தகமா? ...ஆமா, குடுத்தாங்க. நாலு பக்கம். அட்டையில ஒரு பொம்பள, தட்டு நெறைய பச்சைத் தழைய வச்சுக்கிட்டு முப்பத்திரெண்டு பல்லையும் காட்டிக்கிட்டு இருக்கா. அந்தத் தழைக்கு அவ்ளோ சிரிப்பு ஆகாதும்மா. பைத்தியக்காரி மாதிரி இருக்கா.

...ஆமா, தலைப்பப் படிச்சேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனா படிப்பேன். ‘மாவுச்சத்தைக் குறைப்போம், மகிழ்ச்சியாக இருப்போம்.’ கேக்குறதுக்கு நல்லாத்தான் இருக்கு.

...உள்ள படிக்கல. ஏன் படிக்கணும்? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. இதே மாதிரி ஒரு தாளு எங்க வீட்ல ஏற்கெனவே இருக்கு. உங்க புத்தகத்த மடிச்சு மேசைக் காலுக்கு அடியில வச்சிருக்கேன். ஆடாம நிக்குது. அந்த வகையில எனக்குச் சந்தோஷம்தான், அதுக்கு ஒண்ணு போட்டுக்கோ.

...சொல்லு, சொல்லு, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ...ம். சின்னத் தட்டுல சாப்பிடணும். ...ம். மென்னு சாப்பிடணும். எத்தனை பல்லு இருக்குன்னு கேட்டுட்டு இதச் சொல்லும்மா. ...ம். பிடிச்ச பாட்டு கேக்கணும். ...ம், ம். சாயந்தரம் மனசுக்குப் பிடிச்சவங்களோட...

...

...இல்ல. லைன்லதான் இருக்கேன்.

...ஒண்ணும் இல்ல. மனசுக்குப் பிடிச்சவங்களோட உக்காந்து பேசணும்னு சொன்னல்ல. சரி. மேல சொல்லு.

...ஆமா, தனியாத்தான் இருக்கேன். எம் மக ரெண்டு பஸ் மாறி வரணும். மாசத்துக்கு ஒரு தடவ வருவா, பிரிட்ஜத் திறந்து பாப்பா, திட்டுவா, போவா. உனக்கு நம்பர் குடுத்தது அவதானே? தெரியும்.

...வீட்டம்மா இல்ல. போன வருஷம் போயிட்டா. பதினோரு மாசம் ஆச்சு. ...அதே வியாதிதான். உங்க ஆஸ்பத்திரிதான். மொதல்ல கண்ணு மங்குச்சு. அப்புறம் கால் விரல் ரெண்டு எடுத்தீங்க. அப்புறம் புண்ணு ஆறல. அப்புறம் என்ன.

...சரி சரி, நீ வருத்தப்பட்டு என்ன ஆகப்போவுது, நீ அப்ப அங்க இருந்திருக்க மாட்ட. உனக்கு முன்னாடி ஒரு பையன் போன் பண்ணுவான். அவளையும் இதே கேள்விதான் கேப்பான், பத்துக்கு எத்தனைன்னு. அவ என்ன சொல்லுவா தெரியுமா? ஒம்பது.

...ஆமா, ஒம்பது. ஒவ்வொரு தடவையும் ஒம்பது. ஒரு தடவ ஒம்பதரைன்னா. நான் பக்கத்துலயே நிப்பேன்ல, அதான். நான் நிக்கிறேன்னு பயந்துக்கிட்டு பொய் சொல்லுவா, பாவம். ரொட்டின்னா உசுர விடுவாம்மா அவ. ரொட்டி இல்லாம ஒருத்திக்கு ஒம்பது எப்படி வரும்?

...அத விடு. மணி என்ன உன் கடிகாரத்துல? ...இருபது நிமிஷம் இருக்கா நாலுக்கு? இங்க சுவத்துல பதினெட்டு காட்டுது. சரி, பேசு, பேசு. ஒண்ணும் அவசரமில்ல. இன்னும் என்னென்ன கேள்வி இருக்கோ எல்லாத்தையும் கேளு.

...என்ன, ரத்தப் பரிசோதனையா? எத்தனை வந்திருக்கு?

...முந்நூத்திப் பத்தா?

...அது வேற யார் ரத்தமோ. மாத்தி எழுதிட்டீங்க. ரெண்டு மாசமா ஒரு துண்டு ரொட்டி என் நாக்குல பட்டிருந்தா கேளு. வரிசையா புட்டி புட்டியா ரத்தம் எடுத்து வைக்கிறீங்க, எதுல எவன் பேரு ஒட்டினீங்களோ.

...ரெண்டு தடவ பாத்தீங்களா? ...ரெண்டு தடவையும் அதேவா?

...யாரு சொன்னா? ...எம் மக சொன்னாளா? பாத்தியா, உள்ள இருக்கிற ஒற்றன். ஆமா, வீட்ல ரொட்டி இருக்கு. தினமும் வாங்குறேன். எனக்கு இல்ல.

...எனக்கு இல்லைன்னா எனக்கு இல்ல.

...யாருக்குன்னு உங்க பாரத்துல எழுதணுமா? நாய்க்கு. தெருநாய்க்கு. போதுமா?

...பொய் சொல்லல. மறுநாள் காலையில நாய்க்குத்தான் போடுறேன். மொத நாள் முழுக்க அலமாரியில இருக்கும். அதான் சொல்ல வந்தேன், சொல்ல விட்டாத்தானே.

...

...இத எழுதாத. நீ பேனாவ கீழ வை. வச்சிட்டியா? ...சத்தியமா? ...ம்.

எங்க சமையல்கட்டுல அடுப்புக்கு நேர் மேல ஒரு மர அலமாரி இருக்கு. அவளுக்குச் சர்க்கரைன்னு சொன்ன அன்னிக்கு நான் அதுல பூட்டுப் போட்டேன். சும்மா பூட்டு இல்ல, ஏழு லீவர், நானே உக்காந்து ராவி ராவிப் பண்ணது. ஒரு சாவிதான். அது என் இடுப்புல. ரொட்டி, மாவு, அரிசி, சர்க்கரை எது வீட்டுக்குள்ள வந்தாலும் அதுக்குள்ளதான். நானும் வெளிய வச்சுத் திங்க மாட்டேன். அவ தூங்குறப்ப திறந்து, நின்னுக்கிட்டே தின்னுட்டு, மூடிருவேன். ரொட்டி தகர டப்பாவுல இருக்கும். அதோட மூடி இறுக்கமா இருக்கும், திறந்தா ‘டக்’னு கேக்கும். அந்தச் சத்தம் கேட்டா அவ முழிச்சுக்குவா. படுத்த வாக்குல என்னயே பாப்பா. நான் மென்னுக்கிட்டு இருக்கிறத முழுங்க முடியாம நிப்பேன்.

...கொடுமைதான். நீ சொல்லாட்டியும் எனக்குத் தெரியும். ஆனா ஒழுங்காப் பாத்துக்கிட்டேன்மா. என்னென்ன ஆகாதுன்னு டாக்டர் தாள்ல எழுதிக் குடுத்தாரோ ஒண்ணு விடாம நிறுத்தினேன். ஊரே சொல்லுச்சு, பொண்டாட்டிய பூட்டுக்காரன் மாதிரி எவன் பாத்துக்குவான்னு.

...கடைசி நாளா?

...கடைசி நாள் மத்தியானம் நாலு மணி. கட்டில்ல சாஞ்சு உக்காந்திருக்கா. வழக்கமா நாலு மணிக்கு அவளுக்குச் சாப்பிட எதாவது வேக வச்சுக் குடுப்பேன். குடுத்தேன். தட்டத் தள்ளி வச்சுட்டா. ‘இது வேணாங்க, இன்னிக்கு ஒரு துண்டு ரொட்டி குடுங்க’ன்னா. நான் மாட்டேன்னேன். ‘சரி, ரொட்டி வேணாம், இங்க வந்து உக்காருங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்’னா. எனக்குத் தெரியாதா? ரொட்டிக்குத்தான் சுத்தி வளைக்கிறா. எத்தனை பேரப் பாத்திருக்கேன், கதவு திறக்கலைன்னா கதை சொல்லுவாங்க. ‘நாளைக்குக் கேட்டுக்கிறேன்’னு சொல்லிட்டு எழுந்து போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா தலை சாஞ்சிருக்கு.

...ம்.

...இல்ல, அழுகல. அழுகையெல்லாம் பழசு.

அதுக்கப்புறம் தினமும் கேக்குதும்மா. நாலு மணியானா சமையல்கட்டுல மூடிச் சத்தம். டக்கு... டக்கு... அலமாரி பூட்டியிருக்கு, சாவி என் இடுப்புல இருக்கு, வீட்ல என்னத் தவிர ஒரு ஈ இல்ல. அந்தப் பூட்ட என்னாலகூட கம்பி போட்டுத் திறக்க முடியாது. சும்மாதான் சொல்றேன், திறப்பேன், கால் மணி நேரம் ஆகும். ஆனா அவளால முடியாது. அதான் ஒரு துண்டு ரொட்டி வச்சுப் பாத்தேன். தினமும் புதுசா. அப்பவாவது அடங்குவாளான்னு. அடங்கல. ரொட்டி வச்ச மாதிரியே இருக்கு, சத்தம் மட்டும் நிக்கல.

...எலியா? எலி மணி பாத்தா வரும்?

...இல்ல, நான் உள்ள போய்ப் பாத்ததில்ல. மொதல்ல கூடத்துல உக்காந்து கேட்டேன், இப்பல்லாம் நாலு அடிக்கிறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி செருப்ப மாட்டிக்கிட்டுத் தெருவுல போய் நின்னுருவேன், அங்கயும் லேசாக் கேக்கும். நாலேகாலுக்கு வருவேன். எதுத்த கடைக்காரன் கேக்குறான், என்ன பெரியவரே, யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கீங்கன்னு. யாருக்காகவும் இல்லடா, யாரும் வரக்கூடாதுன்னு நிக்கிறேன்.

...ஆமா. ...ஆமா, பயம்தான். ஒளிச்சு என்ன. இன்னிக்குக் காலு வீங்கியிருக்கு, படி எறங்க முடியல. அதான் நீ பேசினா பேசட்டும்னு விட்டேன். இல்லன்னா அப்பவே கட் பண்ணியிருப்பேன். நாலேகால் வரைக்கும் பேசிட்டு வை. பாட்டு வேணா பாடு.

...திரும்பவும் சாப்பாடா? சரி, கேளு. என்னதான் சாப்பிடுறேன்னு கேளு. ...காலையில உருளக்கெழங்கு. ...மத்தியானம் உருளக்கெழங்கு, கூட கொஞ்சம் கீரை. ...ராத்திரி உருளக்கெழங்குதான். ஒரு வேளைக்கு மூணு, நாலு. பெருசா இருந்தா மூணு.

...

...ஹலோ? ...என்னம்மா, லைன் போச்சா?

...ஏன் அப்படிக் கேக்குற? உப்புப் போட்டு வேக வச்சு, தோல உரிச்சுத் திங்கிறேன். எண்ணெய்கூட இல்ல.

...என்னது?

...அது எப்படி மாவுச்சத்து? உருளக்கெழங்கு என்னம்மா மாவா? மண்ணுக்குள்ள வெளையுது. காய்கறிக்காரன் விக்கிறான். மாவு மில்லுல விக்கிறான்.

...நீ படிச்சது அப்படி. எனக்குத் தெரிஞ்சத நான் சொல்றேன், கேளு. மாவுச்சத்துன்னா ஒரே கணக்குதான். இடிச்சா மாவா வர்றது எதுவும் ஆகாது. அரிசிய இடிச்சா மாவு, ஆகாது. கோதுமைய இடிச்சா மாவு, ஆகாது. உருளக்கெழங்க இடி, என்ன வருது? கூழுதான் வரும். ஆகும். இதுல என்ன கொழப்பம்?

...சிரிக்கிறியா? ...இல்லையா? ...சிரிச்ச மாதிரி இருந்துச்சு.

...நெசமாவா சொல்ற? ...அரிசிக்கும் அதுக்கும் வித்தியாசமே இல்லையா? ...ஒரு நாளைக்குப் பத்து கெழங்குன்னா?

...அதான் முந்நூத்திப் பத்தா.

...யாரு சொன்னான்னா? அந்த டாக்டர்தான் சொன்னாரு. தாள்ல எழுதி... ம். டாக்டர் எங்கிட்டப் பேசல. கண்ணாடிய மேல தூக்கிக்கிட்டு, தாள அவ கையிலதான் குடுத்தாரு. இவ படிச்சவ, பத்து வரைக்கும். வீட்டுக்கு வந்து கூடத்துல உக்காந்து, எனக்கு வாசிச்சுக் காட்டினா.

...ஆமா, அவதான் வாசிச்சா. ‘இடிச்சா மாவா வர்றது எதுவும் ஆகாதாங்க, மத்ததெல்லாம் சாப்பிடலாமாம்’னா. நான் அப்பவே கேட்டேன், உருளக்கெழங்கு? ‘அத இடிச்சா மாவா வருதா?’ன்னு என்னயே திருப்பிக் கேட்டா. வராதுன்னேன். ‘அப்ப சாப்பிடலாம்’னா.

...

...இரு. இரு, இரு. வைக்காத.

...இல்லம்மா, டாக்டர் தப்பா எழுதியிருக்கலாம்ல. உங்க ஆளுங்க என்னதான் பண்ண மாட்டீங்க. தாளு இருக்கு. இங்கதான், பெட்டியில, அவ கண்ணாடியோட வச்சிருக்கேன். எடுத்துப் பாத்துரலாம். நீயே கேளு. தப்பு யார் மேலன்னு தெரிஞ்சு போயிரும்.

...மணி என்ன? பத்து நிமிஷம் இருக்கு. போதும்.

...இந்தா. எடுத்துட்டேன். போன தோளுல இடுக்கிட்டுப் படிக்கிறேன், கேக்குதா? மேல ஆஸ்பத்திரிப் பேரு. அப்புறம் கோடு. கீழ... த... வி... ர்... தவிர்க்க வேண்டியவை. இதுதானே? ம். சர்க்கரை. ...அ... ரி... சி. அரிசிச் சோறு. ...ரொட்டி. ...மை... தா... மைதா மாவு. ...ப... ழ... பழச்சாறு. அவ்ளோதான். முடிஞ்சு போச்சு. பாத்தியா? உருளக்கெழங்கு இல்ல. எழுதவே இல்ல. நான் சொல்லல? உங்க டாக்டர்தான்...

...அதுக்குக் கீழயா? கீழ ஒண்ணும் இல்லம்மா. தாளு அதோட முடிஞ்சுது.

...கையெழுத்தா? ...இல்லையே. கையெழுத்து, முத்திரை ஒண்ணும் இல்ல.

...எல்லாத் தாள்லயும் கடைசியில கையெழுத்து இருக்குமா?

...இரு. கடைசி ஓரம் கொஞ்சம் தடிமனா இருக்கு. ரெண்டு விரக்கடை. மடிச்சிருக்கு. பின்பக்கமா மடிச்சு... ஒட்டியிருக்கு.

...ஆமா, ஒட்டித்தான் இருக்கு. பசை காஞ்சு, ஓரத்துல வெள்ளையா...

...

...கோந்து இல்லம்மா இது. மாவுப் பசை. மைதாவக் காய்ச்சினது.

இந்தத் தாளோட வீட்டுக்கு வந்த அன்னிக்குச் சாயந்தரம் மாவு டப்பாவ அலமாரியில வச்சுப் பூட்டப் போனேன். ‘ஒரு கரண்டி விட்டு வைங்க’ன்னா. என்னத்துக்குன்னேன். ‘மகளுக்கு லெட்டர் எழுதியிருக்கேன், கவர் ஒட்டணும்’னா. விட்டு வச்சேன். என் கையாலதான் அளந்து குடுத்தேன்.

...லெட்டர் எதுவும் வரலேன்னு எம் மக அப்புறம் சொன்னா. தபால்காரன திட்டிக்கிட்டு இருந்தேன்.

...பிரிக்கிறேன். இரு. கிழியக் கூடாது. கம்பி எங்க... பையில இருக்கும். பூட்டுக்குள்ள விடுற கம்பி, நாக்கு மாதிரி சன்னமா இருக்கும். இதால திறக்காத கதவே இல்லன்னு அவகிட்டயே பீத்திக்குவேன். ...ம். ஓரத்துல விட்டாச்சு. ...வருது. ...வந்துருச்சு.

...எழுத்துதான். ஒரு வரி. கீழ கையெழுத்து, முத்திரை. நீ சொன்ன மாதிரியே.

...படிக்கிறேன். அவசரப்படுத்தாத. உ... ரு... ளை... உருளை. கி... ழ... ங்... கு.

...

...ஆமா. இருக்கேன்.

...ஆமா, அதான் எழுதியிருக்கு.

...கெட்டிக்காரி. முன்கதவுக்கு ஏழு லீவர் போட்டுட்டு சாவிய இடுப்புல கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். அவ பின்கதவத் தாள் போடாமலே வச்சிருக்கா. ரெண்டு வருஷம். நாப்பது வருஷ பூட்டுக்காரனுக்குத் தெரியல.

...ஆமா, நாந்தான் குடுத்தேன். தினமும் நாலு மணிக்கு. அவளுக்குன்னு ஒரு சின்னச் சட்டி. மூடி நசுங்கிப் போயி ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கும். வேற மூடி வாங்கலாம்னா வேணாம்பா. வெந்ததும் நானே உரிச்சு, சூடு தணிய ஊதி ஊதிக் குடுப்பேன். அவ கண்ண மூடிக்கிட்டுத் திம்பா. அப்படி ஒரு சிரிப்பு மூஞ்சியில. வாயக் கட்டின ஒருத்தி இவ்ளோ சந்தோஷமா இருந்து நான் பாத்ததில்லன்னு உங்க டாக்டர்கிட்டயே பெருமையாச் சொன்னேன். அவரு என் தோளத் தட்டிக் குடுத்தாரு.

...அப்ப அந்த ஒம்பது நெசம்தான். பயந்துக்கிட்டுச் சொல்லல. நெசமாவே ஒம்பது.

...எனக்கு ஆறுதல் சொல்லாத. அது மட்டும் காரணம் இல்லையா? ...வியாதி முத்தினதுக்கு வேற காரணமும் இருக்கலாமா? நீ அப்படித்தான் சொல்லுவ, உனக்குச் சம்பளம் அதுக்குத்தான். அந்தக் கால் விரல் ரெண்டும் இந்தக் கையி வேக வச்சதும்மா.

...தெரியாதுதான். எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்ல? தெரிஞ்சும் ஏன் தின்னா?

...

...அதான் சொல்ல வந்தாளா?

...அன்னிக்கு. கடைசி நாள். கெழங்கத் தள்ளி வச்சுட்டு, ‘இங்க வந்து உக்காருங்க, ஒண்ணு சொல்லணும்’னாளே. ரொட்டிக்காக இல்லையா அது?

...நாளைக்குன்னேனே. நாளைக்குக் கேட்டுக்கிறேன்னு...

...ஒரு நிமிஷம் பேசாத.

...பேசாதம்மா. சும்மா இரு.

...கேக்குதா? ...சமையல்கட்டுப் பக்கம். மணி பாரு. ...நாலா?

...இரு, போன அந்தப் பக்கமா நீட்டுறேன். நல்லாக் கேளு. எனக்கு இந்தக் காது சரியில்ல, கூடத்துல இருந்தா எல்லாச் சத்தமும் ஒரே மாதிரித்தான் கேக்குது. உன் காது சின்ன வயசுக் காது. கேட்டுட்டு என்ன சத்தம்னு சொல்லு. ...

...கேட்டுச்சா?

...கேட்டுச்சுல்ல? அப்பாடா. நான் பைத்தியம் இல்ல. எம் மககிட்ட நீ சொல்லணும். தகர டப்பா மூடிதானே? திறந்து திறந்து மூடுற மாதிரி.

...இல்லையா?

...என்னது? ...திரும்பச் சொல்லு.

...அடுப்புல என்ன வச்சிருக்கேன்னா கேக்குற?

...நான் ஒண்ணும் வைக்கலயேம்மா.

...தண்ணி கொதிக்கிற சத்தமா?

...மூடி ஆடுற சத்தமா?

...இல்ல. இல்லம்மா. இப்பல்லாம் நான் குக்கர்ல வேக வைக்கிறேன். காலையில வச்சது ஆறிப் போச்சு. அந்தச் சட்டிய அவ போன அன்னிக்கே மூட்டை கட்டி பரண்ல தூக்கிப் போட்டேன். மூடியோட.

...அடுப்ப அணைக்கச் சொல்ற. பத்த வச்சாத்தானே அணைக்கிறதுக்கு?

...பதினோரு மாசம். பதினோரு மாசமா நான் ரொட்டிய வச்சுக்கிட்டு இருந்திருக்கேன். அவ ரொட்டியே கேக்கல.

...போறேன். எழுந்துட்டேன். சுவத்தப் பிடிச்சுக்கிட்டுத்தான் போறேன், விழ மாட்டேன். ...நீ யாருக்கும் போன் பண்ணாத. எம் மகளுக்குப் பண்ணாத. அவ ரெண்டு பஸ் மாறி வர்றதுக்குள்ள...

...வாசனை வருதும்மா. உனக்கு அது கேக்காதுல்ல. உப்புத் தண்ணியில வேகுற வாசனை. தோலு வெடிச்சா வருமே, அது.

...கதவு சாத்தியிருக்கு. தாள் போடல. ...இந்தக் கதவுக்கு நான் பூட்டே போட்டதில்ல.

...இல்லம்மா, பயம் இப்ப இல்ல. எங்கிட்ட எதையோ கேட்டு வாங்கத்தான் வர்றாளோன்னு பயந்தேன். வாங்கிட்டுப் போக வரல அவ.

...அந்த எண்ணா? பத்துக்கு எத்தனைன்னு இன்னும் அந்தப் பாரத்த வச்சுக்கிட்டா உக்காந்திருக்க? பூஜ்யம்னு எழுதினியா? அத அடிச்சுரு. சும்மா விட்டு வை. அப்புறமா சொல்றேன்.

...எப்பவா? மொதல்ல அவ என்ன சொல்லணும்னு கேட்டுட்டு வர்றேன்.

...இல்ல, நீ லைன்ல இருக்காத. இது எங்க ரெண்டு பேர் விஷயம். வைம்மா.

...வைன்னா வைக்கணும்.

...ஏய்... வந்துட்டேன். மூடிய எறக்கு. ஊதித் தர்றேன், உக்காரு... சொல்லு.